பேணி தாங்கும் அழுத்தமும் தாள் தாங்கும் அழுத்தமும்

திருகோணமலையில் டிராக் பந்தயத்துக்காக (நேர்கோட்டில் 402 மீற்றர் ஓடும் வேகப் போட்டி) எஞ்சின் கட்டும் இளைஞர்கள் ஒயில் பில்டரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அது எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளைப் பிடிக்கும் என்ற கேள்வியைத்தான் முதலில் எழுப்புகிறார்கள். டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் மாதக்கணக்கில் பணம் சேர்ப்பவர்கள், பில்டரை மட்டும் கடைசி நாளில், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் பூட்டுவதும் உண்டு. மைக்ரோன் கணக்கு தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் உயர் அழுத்த எஞ்சினுக்கு அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ஒரு பில்டர் இரண்டு வெவ்வேறு அழுத்தங்களைச் சந்திக்கிறது என்பதையே. ஒன்று, பம்ப் உண்டாக்கி, பில்டரின் வெளிக்கூடான பேணியின் தகட்டையும் அடித்தட்டையும் ரப்பர் வளையத்தையும் வெளிநோக்கித் தள்ளும் முழு அழுத்தம். மற்றது, வடிகட்டும் தாளுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களுக்கிடையிலான வேறுபாடு. இதைத் தாங்க வேண்டியவை தாளும் அதன் நடுவில் இருக்கும் துளையிட்ட குழாயும். முதலாவது எல்லை மீறினால் ஒயில் வெளியே பீறிடும். இரண்டாவது எல்லை மீறினால் தாள் கிழிந்து, அதுவரை பிடித்துவைத்த அழுக்கோடு பேரிங்குகளுக்குள் போகும். நம்மில் பலர் டாஷ்போர்ட்டில் பார்க்கும் கேஜ் இரண்டாவதைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

முழு அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ரப்பர் வளையத்தின் விட்டம் இரண்டரை அங்குலம் என்றால், 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் பில்டரை எஞ்சினிலிருந்து பிரிக்க முயலும் விசை ஏறத்தாழ 220 கிலோகிராம் எடைக்குச் சமம். சாதாரணப் பில்டர்களில் பல 200 முதல் 300 பிஎஸ்ஐ வரை தாங்குபவைதான். ஆகவே கேஜில் 80 அல்லது 90 தெரியும் எஞ்சினுக்கு அது போதும் என்றே தோன்றும். சிக்கல் தொடங்குவது, அழுத்தம் மிகும்போது மிகுதி ஒயிலைத் திருப்பிவிடும் ரிலீப் வால்வு ஒரு கணம் தாமதித்துத் திறக்கும்போது, அல்லது சிக்கிக்கொள்ளும்போது. ஒயில் சூடேறாத நிலையில் எஞ்சினை ஒரே மிதியில் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு ஏற்றினால் அழுத்தம் துள்ளி எழும். மெல்லிய தகடு புடைக்கும், ரப்பர் வளையம் ஓரிடத்தில் வெளியே பிதுங்கும், அதன்பின் ஒயில் சூடான எக்ஸோஸ்ட் குழாயிலும் ஓடும் டயருக்கு அடியிலும் விழும். பந்தயத்துக்கென்று செய்யப்படும் தடித்த பேணிகள் 500 பிஎஸ்ஐ அளவைத் தாங்குமாறு வருவதற்குக் காரணம் இந்தக் கணப்பொழுதுதான்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலிலேயே வியர்க்கும் ஊரில் குளிர் ஒயிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 20டபிள்யூ-50 ஒயிலின் பிசுக்குமை, அதாவது ஓடாமல் தடிக்கும் தன்மை, 100 பாகை செல்சியஸில் சுமார் 18 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு). 40 பாகையில் அது 150 முதல் 180 வரை இருக்கும். காலையில் நம் கராஜில் நிற்கும் எஞ்சினில் உள்ள ஒயில் 30 பாகையில்தான் இருக்கிறது, அதாவது ஓடும் சூட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடித்து. பனி விழும் நாட்டின் ஆபத்து நமக்கு இல்லையென்றாலும், சக்தி குறையாதிருக்க எஞ்சினை அதிகம் சூடாக்காமல் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவரும் பந்தயக்காரர்களின் வழக்கத்தோடு சேரும்போது இது சிறிய விடயமன்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ரிலீப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வொஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டுவது நம்மிடையே ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கே பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதுமானது. அதற்கு மேல் ஏற்றுவது பம்பைச் சுழற்றச் சக்தியைத் தின்று, ஒயிலைச் சூடாக்கி, பில்டரையும் வதைக்கிறது. அழுத்தத்தை நியாயமான அளவுக்குக் கொண்டுவந்த பிறகு பில்டரைத் தெரிவு செய்யுங்கள்.

இனித் தாளுக்கு வருவோம், ஏனெனில் உண்மையான தெரிவு இங்கேதான் இருக்கிறது. வீதியில் ஓடும் வாகனங்களின் பில்டர்களில் ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். தாளின் இருபுறத்துக்குமான வேறுபாடு 8 முதல் 20 பிஎஸ்ஐ வரையிலான ஏதோ ஓர் அளவை எட்டும்போது அது திறந்து, ஒயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். பேரிங் வறண்டு போவதைவிட அழுக்கு ஒயில் மேல் என்ற கணக்கு அது. 402 மீற்றர் ஓட்டத்திலோ, கிளட்ச் விடப்படும் கணத்திலேயே ஒயில் பாய்ச்சல் உச்சத்துக்குப் போவதால், பேரிங்மேல் சுமை ஏறும் அதே நேரத்தில் அந்த வால்வு திறந்து நிற்கக்கூடும். இதனால்தான் சில பந்தயப் பில்டர்கள் பைபாஸ் வால்வே இல்லாமல் வருகின்றன. அப்படிப்பட்ட பில்டரில் தாள் தளர்வான நெசவாகவும், கம்பிவலை தாங்கியதாகவும், நடுக்குழாய் உறுதியானதாகவும் இருந்தேயாக வேண்டும். அதை வாங்கி, வார நாட்களில் நிலாவெளிக்கும் கிண்ணியாவுக்கும் ஓட்டும் காரில் பூட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; தாள் அடைபட்டால் ஒயிலுக்கு வேறு வழியே இராது. வீதிக்கும் பந்தயத்துக்கும் ஒரே காரை வைத்திருப்பவருக்கு, செயற்கை இழைத் தாளும் சற்று உயர்ந்த அளவில் திறக்கும் பைபாஸ் வால்வும் தடித்த பேணியும் உள்ள பில்டரே என் தெரிவு. பழைய செவ்ரலே ஸ்மோல் பிளாக் போன்ற சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு எஞ்சின் பக்கமே இருப்பதால், வாங்குமுன் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மைக்ரோன். பெட்டியில் 20 மைக்ரோன் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதில் பொருளில்லை. அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிப்பதும் 98.7 சதவீதத்தைப் பிடிப்பதும் ஒன்றல்ல. ஐஎஸ்ஓ 4548-12 என்ற சர்வதேசத் தர முறையில் சோதித்த சதவீதத்தைத் தருபவரையே நம்பலாம். நுண்ணிய வடிகட்டல் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் எஞ்சினின் ஆயுளைக் கூட்டுவது. டிராக் பந்தயத்தின் அதிவேக வகுப்பான டொப் பியூவலில் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்து ஒயிலையும் மாற்றிவிடுகிறார்கள், அங்கே அந்தக் கணக்கு எடுபடாது. மெத்தனோல் எரிப்பவர்கள், ஈரத்தில் ஊறித் தளரும் காகிதத்தை விட்டு, கழுவிப் பாவிக்கும் எவர்சில்வர் வலைக்குப் போவது நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவற்றில் மிக ஆபத்தானது மரை (திருகுச் சுற்று). எம்20×1.5 மரையுள்ள (20 மில்லிமீற்றர் விட்டம், மரைக்கு மரை 1.5 மில்லிமீற்றர்) பில்டரை முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 16 மரைத் தண்டில் சுற்றினால் அது ஏறிவிடும், கைக்கு இறுகியதாகவும் தோன்றும்; அழுத்தம் ஏறியதும் கழன்று பறக்கும். தண்டு 19.05 மில்லிமீற்றர், பில்டரோ 20 மில்லிமீற்றருக்கானது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பெட்டி மாறி வரும் போலிகளில் இதைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். துறைமுகப் பக்கக் கடைகளில் நெடுநாள் கிடந்த பில்டரின் மடிப்பு ஓரத்தில் உப்புக்காற்றின் துருப் புள்ளிகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கவில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பின்பே புதியதைப் பூட்டுங்கள்.

பில்டரைத் தனியாக வெளியே பொருத்தியிருப்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கேஜ் வைத்தால், முன்பு சொன்ன வேறுபாட்டை நேரடியாகவே படிக்கலாம். மற்றவர்கள் ஓட்டம் முடிந்ததும் பேணியை வெட்டித் திறந்து பார்க்கட்டும். அரம்பம் பாவித்தால் அதன் இரும்புத் தூளே தாளில் விழுந்து ஏமாற்றும், ஆகவே உருளும் வெட்டியே வேண்டும். தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் பேரிங்கின் செம்பு நிறத் துகள்கள் மின்னும். இரும்பைக் காந்தம் காட்டும். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நசுங்கியிருந்தால், துகள் எதுவும் இல்லாவிட்டாலும், அந்தப் பில்டர் உங்கள் எஞ்சினுக்குப் போதாது: அடுத்த முறை அதே மரையில் நீளமான பேணியையோ, ஒயிலை எளிதாக விடும் தாளையோ வாங்குங்கள்.