வெரேதா பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

கொலம்பியாவின் போயாகா மலைப்பகுதியில், ஒரு சிறு முனிசிபியோவில் (நகராட்சி போன்ற உள்ளாட்சிப் பகுதி) என் மனைவி பெயரில் உள்ள நிலத்தின் பத்திரம் ஒருவழியாகத் திருத்தமாகிவிட்டது. பத்திரத்தில் ஒரு வெரேதா (முனிசிபியோவின் கிராமப்புற உட்பிரிவு), நிலவரி ரசீதில் இன்னொரு வெரேதா. இவ்வளவுதான் சிக்கல். ஆனால் "இந்த வெரேதா எங்கள் வரைபடத்திலேயே இல்லை" என்று எழுத்தர் கோப்பைத் திருப்பித் தள்ளிவிட்டார். நில எண்ணைப் போட்டுத் தேடக்கூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கொரெஹிமியெந்தோ என்ற இன்னொரு வகைக் கிராமப்புறப் பிரிவை முனிசிபியோ மன்றம் தீர்மானம் போட்டு உருவாக்கும். வெரேதா பெரும்பாலும் வழக்கத்தில் வந்தது. ஊர்க்குழுவான ஹுந்தா ஓர் எல்லை சொல்லும், திட்டமிடல் பிரிவின் வரைபடம் வேறொன்று சொல்லும், நில அளவைத் துறை மூன்றாவதாக ஒன்றைக் காட்டும். பெரிய வெரேதா இரண்டாகப் பிரிந்து புது ஹுந்தா வந்தாலும் பத்திரம் பழைய பெயரிலேயே கிடக்கும். பண்ணைப் பெயரும் உதவாது. 'லா எஸ்பெரான்சா' ஊருக்கு ஊர் இருக்கிறது.

ஆகவே முதலில் நில அளவைச் சான்றிதழ் வாங்குங்கள். அதிலுள்ள 30 இலக்க எண்தான் பிடிமானம். முதல் 2 இலக்கம் தெபார்த்தமெந்தோ, அதாவது மாகாணம் (போயாகாவுக்கு 15), அடுத்த 3 முனிசிபியோ, அதற்கடுத்த 2 மண்டலம்: 00 கிராமப்புறம், 01 தலைமை ஊர், 02-இலிருந்து கொரெஹிமியெந்தோக்கள். 14 முதல் 17 வரையிலான இலக்கங்கள் வெரேதா, 18 முதல் 21 வரை மனை. பழைய ரசீதில் 20 இலக்கம்தான் இருக்கும். அங்கே வெரேதா 10 முதல் 13 வரை, மனை 14 முதல் 17 வரை. இரண்டையும் வரிசையாக ஒப்பிட்டால் எண்ணே தவறு என்று பதறுவீர்கள்.

பத்திரப் பதிவகம் எங்கே என்று ஊகித்துப் பஸ் ஏறாதீர்கள். சிறு முனிசிபியோக்களில் பெரும்பாலும் பதிவகமே கிடையாது, பக்கத்துப் பெரிய ஊரில்தான் இருக்கும் என்பதும் இல்லை. மத்ரிகுலா எண்ணின் (பதிவகம் நிலத்துக்குத் தரும் பதிவு எண்) முன்னொட்டைப் பாருங்கள்: 070 என்றால் துன்ஹா, 072 என்றால் சிக்கின்கிரா. வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

தீர்வு நோட்டரியிடம் கிடைத்தது. நிலத்தின் பெயர், விவரிப்பு, அளவை எண் ஆகியவற்றில் பிழை என்றால் முந்தைய பத்திரங்களை ஆதாரமாகக் காட்டி, தற்போதைய உரிமையாளர் மட்டுமே திருத்தப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். விற்றவரைத் தேடி அலைய வேண்டாம். இதை எங்களிடம் எந்த ஜன்னலிலும் யாரும் சொல்லவில்லை! பத்திரம் எழுதிய 2 மாதத்துக்குள் பதிவு வரி கட்டிவிடுங்கள், தாண்டினால் வட்டி.

பரப்பளவு வித்தியாசத்தை இதோடு சேர்க்காதீர்கள். அதற்கு வழிமுறையே வேறு. பல நேரம் அது பிழையாகவும் இருக்காது: பத்திரம் ஃபனெகாதாவில் பேசும் (6,400 சதுர மீட்டர்), அளவைத் துறை ஹெக்டேரில் பேசும்.

பதிவானதும் பிரதி ஒன்றை நில அளவைத் துறைக்கும் இன்னொன்றை முனிசிபியோ கருவூலத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ரசீதிலும் பழைய வெரேதாதான் வரும்.