பெட்டியில் பெயர் இருக்கும் வரை

14 அக்டோபர் 2024, திங்கள்

ஜெர்மனியில் தங்கிப் படிக்கும் அனுமதி அட்டையில் 30 நவம்பர் வரை என்று இருக்கிறது. தீசிஸ் ஒப்படைக்க ஜனவரி கடைசி. இடையில் இரண்டு மாதம் சும்மா தொங்குகிறது.

குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவை மறுபடி படித்தேன். அட்டை தீருமுன் நீட்டிப்பு விண்ணப்பம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தானாகத் தொடரும். அப்பாயின்மென்ட் எப்போது கிடைக்கிறது என்பது பொருட்டே இல்லை. விண்ணப்பம் சேர்ந்த தேதிதான் முக்கியம். எல்லோரும் அப்பாயின்மென்ட்டைத் துரத்திக்கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: முதலில் அனுப்பு, சேர்ந்ததற்கு அத்தாட்சி எடுத்து வை, பிறகு அப்பாயின்மென்ட் தேடு. மின்னஞ்சலில் ஒரு பிரதி, பதிவுத் தபாலில் ஒரு பிரதி.

16 அக்டோபர்

குளிர்கால செமஸ்டர் பதிவுச் சான்று, மதிப்பெண் பட்டியல், இன்சூரன்ஸ் கடிதம், வாடகை ஒப்பந்தம், 35×45 மி.மீ. போட்டோ: இவை சுலபம். ப்ரொஃபசர் கடிதம்தான் கனமானது. ‘விரைவில் முடிப்பார்’ என்று எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. என்ன வேலை பாக்கி, எந்த மாதம் ஒப்படைப்பு, எந்த மாதம் வாய்மொழித் தேர்வு என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள மாதத்தைப் பார்த்துத்தான் எத்தனை மாதம் நீட்டிப்பது என்று அதிகாரி முடிவு செய்கிறார்.

19 அக்டோபர், சனி

பணம். செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியது செப்டம்பர் 1 முதல் மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904. அதற்கு முன் 934. நீட்டிப்பில் ஒரு முழு வருடத்துக்குக் காட்ட வேண்டும் என்று பயந்து ஊரில் நகையை வைக்கிறவர்கள் உண்டு. கேட்கிற மாதங்களுக்குக் காட்டினால் போதும் என்று பல அலுவலகங்கள் ஏற்கின்றன. ஆறு மாதம் என்றால் 5,952. ப்ளாக்டு அக்கவுண்டில் (மாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) மிச்சம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம் மூன்றையும் சேர்த்துக் காட்டலாம். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது என்றால் ஜனவரிக்கு அந்தச் சம்பளம் செல்லாது. அந்த ஓட்டையைச் சேமிப்பால் அடைக்க வேண்டும்.

ஊரிலிருந்து பணம் வாங்காமல் இதை முடிக்க வேண்டும். முடியும்.

27 அக்டோபர், ஞாயிறு

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இன்று முதல் ஊருக்கும் இங்கும் நாலரை மணி நேரம். அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவாள். இங்கே அப்போது மாலை நாலரை, லேப் முடியாத நேரம்.

31 அக்டோபர்

தீபாவளி. நான் இருக்கும் சாக்ஸனி மாநிலத்தில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் சீர்திருத்த நாள், அரசு விடுமுறை. தபால் இல்லை.

20 நவம்பர், புதன்

ஜெர்மனி முழுக்க வேலை நாள், சாக்ஸனியில் மட்டும் பிரார்த்தனை நாள் விடுமுறை. தபால் இல்லை. தபால் பெட்டியை நேற்று ராத்திரி பார்த்ததோடு சரி.

26 நவம்பர்

முடிவு வரும்வரை செல்லும் இடைக்காலச் சான்று கிடைத்தது. 13 யூரோ. ஊரில் யாரிடமும் விளக்க முடியாத மடிப்புக் காகிதம் இது. வாங்கிய இடத்திலேயே மூன்றாம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 81ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவு என்ற கட்டம் என்றால் பழைய அனுமதி தொடர்கிறது. வேலை செய்யலாம், ஊருக்குப் போய்த் திரும்பவும் வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் நாட்டில் இருக்கலாம், வெளியே போனால் இதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. கவுண்டரை விட்டு நகர்ந்த பிறகு பார்த்தால் திருத்த இன்னொரு அப்பாயின்மென்ட்.

குறி சரியான கட்டத்தில்தான் இருக்கிறது.

4 டிசம்பர்

பாட்டிக்கு உடம்பு முடியவில்லை. இன்று இரண்டு வேளை சாப்பிட்டாளாம்.

5 டிசம்பர்

ஊருக்குப் போய்ப் பார்க்கலாமா? சட்டப்படி போகலாம். ஆனால் விமான நிறுவன ஊழியருக்கு இந்தக் காகிதம் பழக்கமில்லை. தீர்ந்துபோன அட்டை, இடைக்காலச் சான்று, பாஸ்போர்ட் மூன்றும் சேர்ந்தால்தான் அர்த்தம் வரும். ஒன்றைத் தனியாக நீட்டினால் வம்பு. வேறு ஷெங்கன் நாட்டில் இறங்கி மாறுகிற டிக்கெட் வேண்டாம், அங்கே எல்லைக் காவலருக்கு ஜெர்மன் காகிதத்தை விளக்க வேண்டி வரும். ஃப்ராங்க்ஃபர்ட்–சென்னை நேரடி விமானம், இல்லையென்றால் வளைகுடா வழி. விலையைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

15 டிசம்பர், ஞாயிறு

எதிர் வீட்டு ஜன்னல்களில் எல்லாம் மர வளைவு விளக்குகள். எர்ட்ஸ்கெபிர்கே மலைச் சுரங்கத் தொழிலாளர் வழக்கம். எவ்வளவு அழகான தெரு இது.

2 ஜனவரி 2025, வியாழன்

வீட்டை விட அறிவிப்பு. மார்ச் 31இல் வெளியேற வேண்டுமானால் ஜனவரியின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். சனிக்கிழமையையும் வேலை நாளாக எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு, அதனால் கடைசி நாள் 4ஆம் தேதி. மின்னஞ்சல் செல்லாது, வாட்ஸாப் செல்லாது. காகிதம், பேனாக் கையெழுத்து, ‘மார்ச் 31 அன்று முடிகிறது’ என்ற தேதி. நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினால் நிம்மதி. தாமதமாகச் சேர்ந்தால் ஏப்ரல் வாடகையும் தலையில் விழும்.

14 ஜனவரி

பொங்கல். பச்சரிசி கிடைத்தது, வெல்லத்துக்குப் பதில் கரும்புச் சர்க்கரைப் பாகு. பாட்டியிடம் பேசினேன். குரல் பரவாயில்லை.

30 ஜனவரி

தீசிஸ் ஒப்படைத்தாயிற்று. கடைசிப் பக்கத்தில் ‘சொந்தமாக எழுதியது’ என்ற உறுதிமொழிக்கு ஒவ்வொரு பிரதியிலும் மையால் கையெழுத்து. ஸ்கேன் செய்த கையெழுத்தோடு பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டால் மறுபடி பைண்டிங்.

11 பிப்ரவரி

புது அட்டை வந்துவிட்டது, 93 யூரோ. 31 மே வரை. கூடவே ஒரு பச்சைத் தாள். அதில் ஒரு வரி: படிப்பு முடிந்ததும் அனுமதி காலாவதி.

மே வரை இருக்கிறது என்று அட்டையை நம்பி இருந்துவிடக் கூடாது. பலர் அந்தப் பச்சைத் தாளைப் பிரிப்பதே இல்லை. அதில் அந்த வரி இருந்தால், தேர்வு முடிந்து பதிவு நீங்கிய பின் அட்டைத் தேதிக்கு மதிப்பில்லை. தங்குவதானால் படிப்பு முடித்தவர்களுக்கான 18 மாத வேலை தேடும் அனுமதிக்கு அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். போவதானால் போய்விட வேண்டும்.

12 பிப்ரவரி

போகிறேன். 18 மாதத்தைப் பற்றி யார் கேட்டாலும் இனி விளக்கம் இல்லை.

21 பிப்ரவரி

பட்டத்துக்கு இந்தியாவில் முத்திரை தேவைப்பட்டால் அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணம் இன்னொரு நாட்டில் செல்ல ஒரே சான்று முத்திரை) என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதனால் இவ்விரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. நீண்ட வழிதான்: மாநில அளவில் முன்சான்று, கூட்டாட்சி அளவில் இறுதிச் சான்று, அதன்மேல் பெர்லின் இந்தியத் தூதரகம். ஊருக்கு வந்த பிறகு இதைச் செய்ய மூலச் சான்றிதழைக் கடல் கடந்து திருப்பி அனுப்ப வேண்டும். லேமினேட் செய்துவிட்டால் முத்திரை விழாது, கதை முடிந்தது.

மூலச் சான்றிதழ் தபாலில்தான் வரும். எந்தப் பெட்டிக்கு? மார்ச் 31க்குப் பிறகு பெட்டியில் என் பெயர் இருக்காது. பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், அனுப்பியவருக்கே திரும்பும். வீட்டு டெபாசிட் கணக்கு, வரி அலுவலகக் கடிதம், பென்ஷன் அலுவலகக் கடிதம், பட்டம் எல்லாமே நான் போன பிறகுதான் வரும். இந்த ஊர் ஆளை முகத்தால் அறியாது, பெட்டியில் ஒட்டிய பெயரால்தான் அறியும்.

22 பிப்ரவரி

அறைக்கு வரப்போகும் தம்பியிடம் பேசினேன். “அக்கா, உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடணுமா?” “வேண்டாம்ப்பா, கீழேயே ஒட்டிக்கோ. ஒரு வருஷம் இருக்கட்டும்.” வீட்டுக்காரரும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடிதங்களைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்ப ஓர் அதிகாரக் கடிதமும் கையெழுத்திட்டு அவனிடம் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலைத் தபால் நிலையத்தில் போய் வாங்க அது தேவைப்படும்.

9 மார்ச், ஞாயிறு

சுத்தம் செய்ய ஆரம்பிக்க வேண்டிய நாள். டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகை, சட்டம் அனுமதிக்கும் உச்சம். அதில் இருந்துதான் கழிப்பார்கள்.

மஞ்சள்தூள் கறை. வெள்ளைச் சமையல் மேடையில் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போட்டுத் தேய்த்தால் பரவும், ஏனென்றால் அந்த நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடை. பிறகு பாத்திர சோப்பு. மிச்சத்துக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசு. அதன் பின் வெயில். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும். ஜன்னலோர மேடை என்றால் திரையை விலக்கிப் பல நாள் விட்டாலே வெளுக்கும். கடைசி வாரத்தில் தொடங்கினால் வெயிலுக்கு நேரம் இருக்காது. ஓரத்து சிலிக்கான் பட்டையில் ஏறிய மஞ்சள் போகவே போகாது. வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, பிளேடால் கீறி எடுத்துப் புதிய வெள்ளை சிலிக்கான் வைத்து ஒரு நாள் காயவிட வேண்டும்.

புகைபோக்கியின் வலை. தாளித்த எண்ணெய் ஏறிப் பிசுபிசுப்பாக இருக்கும். சலவைச் சோடாவில் ஊறப்போடு என்று எல்லாரும் சொல்வார்கள். வலை அலுமினியம் என்றால் காரத்தில் கறுத்துவிடும், பிறகு மாற்ற வேண்டியதுதான். சூடான தண்ணீர், நிறையப் பாத்திர சோப்பு, அரை மணி, மென்மையான பிரஷ்.

குளியலறைச் சுண்ணாம்புக்குச் சிட்ரிக் அமிலம், குளிர்ந்த தண்ணீரில். கொதிநீரில் கலக்கினால் வேகமாகப் போகும் என்று தோன்றும். சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து வேறொரு வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது இன்னும் கஷ்டம்.

சுவர் ஓட்டை: பிளாஸ்டிக் பிளக்கில் திருகைப் பாதி முறுக்கிக் குறடால் இழுத்தால் வெளியே வரும். புட்டியைக் கொஞ்சம் மேடாக வைத்துக் காயவிட்டுத் தேய்க்க வேண்டும், காயும்போது உள்வாங்கும். பெயிண்டைச் சின்ன வட்டத்தோடு நிறுத்து. பழைய வெள்ளை மஞ்சளித்திருப்பதால் பெரிதாகப் பூசினால் திட்டாகத் தெரியும்.

21 மார்ச், வெள்ளி

வெளியேறும் நாளுக்கு ஏழு நாள் முன்பிருந்து நகர அலுவலகப் பதிவில் முகவரி நீக்கம் செய்யலாம், அதற்கு முன் வாங்க மாட்டார்கள். வெளியேறுவது 28. இன்றுதான் முதல் நாள். சான்று கையில்.

மற்றவை எல்லாம் இந்த ஒரு தாளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. இன்சூரன்ஸுக்கு இதைக் காட்டாவிட்டால் நாட்டில்தான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு, வருமானமும் தெரியாததால் மிக உயர்ந்த கட்டணம் போடுவார்கள். ஒவ்வொரு வீடும் கட்டும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டைக் காலி செய்தால் தானாக நிற்காது, இதன் நகலோடு எழுதினால்தான் நிற்கும். மொபைல் ஒப்பந்தம், ஜிம் எல்லாவற்றுக்கும் இதே தாள். வங்கிக் கணக்கை மட்டும் இப்போது மூடக் கூடாது. டெபாசிட் திரும்பி வர அது வேண்டும்.

பத்து நகல். ஸ்கேன் இரண்டு இடத்தில்.

23 மார்ச்

பென்ஷன். படித்துக்கொண்டே வேலை செய்தவர்கள் சம்பளத்தில் 9.3 சதவீதம் வரை கட்டியிருப்பார்கள். முதலாளி கட்டிய பாதி வராது, நம் பாதி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும், கட்டியது 60 மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், கடைசியாகக் கட்டிய மாதத்துக்குப் பிறகு 24 மாதம் காத்திருக்க வேண்டும். டிசம்பரில் வேலை முடிந்தது என்றால் ஜனவரி 2027. படிவம் வி0901. பென்ஷன் எண்ணை இப்போதே பாஸ்போர்ட் உறையில் எழுதி வைத்தேன். 2024 வரிக் கணக்கை 2028 முடியும்வரை தாக்கல் செய்யலாம். 11 இலக்க வரி எண் ஆயுளுக்கும் மாறாது.

28 மார்ச், வெள்ளி

ஒப்படைப்பு முடிந்தது. ஒவ்வொரு மீட்டரையும் அதன் வரிசை எண் தெரியும்படி படம். ஒப்படைப்புத் தாளில் ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவி. சாவிகளின் எண்ணிக்கையும் தாளில்.

மேடையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை!

29 மார்ச்

லைப்சிக்கில் ரயில் மாறி ஃப்ராங்க்ஃபர்ட். சான்றிதழ்கள் கைப்பையில், பவர் பேங்க் கைப்பையில்.

2 ஏப்ரல்

வீடு. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

5 ஏப்ரல்

ஓடிபி வரவில்லை. 90 நாள் பயன்படுத்தாத இந்திய சிம் செத்துப்போகும், எண் வேறொருவருக்குப் போய்விடலாம். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. இனி வெளியே போகிற எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: 20 ரூபாய் இருப்பாவது வைத்து எண்ணை உயிரோடு வை.

10 ஏப்ரல்

வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சான்று வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இந்த மாதம் புது விதிமுறை அறிவித்திருக்கிறது. இதுவரை இது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் வேலை. தனியார் வேலைக்குப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்; பிஎச்டிக்கும் அரசு வேலைக்கும் கேட்பார்கள். பாடத்திட்டம், கிரெடிட் பட்டியல், பதிவுச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் போட்டுவிட்டேன். பட்டம் மட்டும் இன்னும் இல்லை.

14 ஏப்ரல்

வேப்பம்பூ பச்சடி. தம்பியிடமிருந்து ஒன்றும் இல்லை.

17 ஏப்ரல்

தம்பி படம் அனுப்பினான். பல்கலைக்கழக உறை, தடிமனான அட்டை வைத்தது, மடிக்காதது. “பிரிக்கட்டுமா அக்கா?” பிரி, ஆனால் மடிக்காதே. கவனமாக நகலெடு, பிறகு முன்சான்றுக்கு அப்படியே போகட்டும்.

22 ஏப்ரல்

டெபாசிட்டில் பெரும்பகுதி வந்தது. சூடாக்கும் செலவுக் கணக்குக்காக ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான், கணக்கு வருடம் முடிந்து 12 மாதத்துக்குள் அனுப்பினால் போதும் என்று சட்டம் சொல்கிறது. 2025 கணக்கென்றால் 2026 டிசம்பர் வரை. அதுவரை அந்த வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும், மாதக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

23 ஏப்ரல்

நாளை பத்தரைக்கு வங்கி. வெளிநாடுவாழ் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற: பாஸ்போர்ட்டில் வருகை முத்திரைப் பக்கத்தின் நகல், ஆதார், பான், போட்டோ இரண்டு, புது சிம் எண்ணுக்கான விண்ணப்பம். தேவைப்பட்டால் அப்பா கையெழுத்தும்.