அவர் புனேயில், நான் மதுரையில்

என்னை மிரட்டுகிற வீட்டுக்காரர் மேல், அவர் இருக்கும் புனேக்குப் போய்த்தான் கேஸ் போட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு நாலு மாதம் சும்மா இருந்துவிட்டேன். தப்பு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, நாம் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டே போதும். நான் இருப்பது அம்மா வீட்டில், அவ்வளவுதான். பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ அரசு நியமிக்கிறவர்) பக்கத்தில் உட்கார வைத்து மனு எழுத உதவினார். ராத்திரி 2 மணிக்கு என் வீட்டுக்காரர் அனுப்பிய மிரட்டல் வாட்ஸ்அப்களைத் தம்பிதான் பிரிண்ட் எடுத்து வந்தான் (17 பக்கம்). மாஜிஸ்திரேட் அதைப் பார்த்து, வீட்டுக்காரர் வராமலேயே 23ஆம் பிரிவில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். இந்தியா முழுக்கச் செல்லும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். அப்புறம், வெளிமாநிலத்துக்கு நோட்டீஸ் போய்ச் சேரத்தான் இழுக்கும், கணவரின் ஆபீஸ் முகவரியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.