கீழே சொட்டாமலே குறைந்த கூலன்ட்

வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஆனால் போனட்டைத் திறக்கும்போதெல்லாம் கூலன்ட் டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்ஜினின் சூட்டை எடுத்துச் செல்ல மூடிய சுற்றுக்குள் ஓடும் திரவம் அது. எங்கும் கசியாமல் இப்படித் தொடர்ந்து குறைய வழியே இல்லை. டப்பாவின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பார்த்து வந்தேன். சூடாக இருக்கும்போது கூலன்ட் விரிந்து அளவு கூடுதலாகத் தெரியும், அதை நம்ப முடியாது. கோட்டுக்குக் கீழே இறங்குவது உறுதியானதும் மெக்கானிக்கிடம் நேரம் கேட்டு வைத்தேன். அதற்குள் ஒரு மாலை நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது.

பல கார்களில் டெம்பரேச்சர் முள், உள்ளே சூடு சில டிகிரி கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நடுவிலிருந்து நகர ஆரம்பித்தாலே சூடு ஏற்கெனவே கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். ஹீட்டருக்குள் ஓடுவதும் இதே கூலன்ட்தான். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வண்டிக்குள் இழுத்துவிடும். வியர்த்துக் கொட்டியது, ஆனால் முள் நின்றது. ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது போதுமாக இருந்தது. ஒருவேளை ஹீட்டரிலிருந்து சூடான காற்றுக்குப் பதில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டது அல்லது சுற்றில் ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

நிறுத்தியதும் பக்கத்தில் வந்தவர் ஒருவர், "மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க சார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். விசில் அடங்காத குக்கரைத் திறப்பது மாதிரி, கொதிக்கும் கூலன்ட்டும் ஆவியும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் விட்டால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டு அழுத்தும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்புறம்தான் துணியைப் போட்டு, மெதுவாக மூடியைத் திருப்பினேன்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் எதையும் சோதிக்காமலே, "ரேடியேட்டர் போயிருக்கும், மாத்திடலாம்" என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று காட்டுங்கள், மாற்றிவிடலாம் என்றேன். காட்டவில்லை. அடைப்பு மருந்து ஒன்றை ஊற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்றேன். ஓட்டையை அடைக்கும் அந்தத் துகள்கள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடலாம்.

இரண்டாவது மெக்கானிக் செய்ததுதான் சரியான வேலை. ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் கை பம்ப் ஒன்றை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் முள் மெல்ல இறங்கியது, அதாவது எங்கோ கசிகிறது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடியபோது, கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்புக்குக் கீழே மெல்லிய ஈரக் கோடு தெரிந்தது. அதைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெளிறிய படிவு. வாட்டர் பம்பில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியே வரும். என் வண்டியில் அப்படிக் கசிந்தது சூடான இன்ஜின் பிளாக்கின் மேல் பட்டு ஆவியாகிவிட்டது. மிச்சம் இருந்ததை இன்ஜினுக்குக் கீழே உள்ள அடித்தட்டு பிடித்துக்கொண்டது. தரையில் ஈரம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

எனக்கு இருந்த பெரிய பயம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்பது. அதையும் கேட்டேன். நீல நிறத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டுச் சோதித்தார். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். மாறவில்லை. ஆயிலில் கூலன்ட் கலந்தால் வரும் பால் கலந்த நிறம் ஆயில் மூடிக்கு அடியிலும் இல்லை. அதைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

பம்ப், அதோடு கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட், பெல்ட் மூன்றையும் மாற்றினோம். சில இன்ஜின்களில் வாட்டர் பம்பை ஓட்டுவதே, இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்தான். அங்கே இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் வருகின்றன. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்கி, காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்தோம்.

நிரப்பியதோடு வேலை முடியவில்லை. சுற்றுக்குள் காற்று மாட்டிக்கொண்டால் புது பம்ப் போட்டும் முள் ஏறும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரையும் போட்டு ஓடவிட்டார்கள். குமிழிகள் வந்து அளவு இறங்க இறங்க ஊற்றினார்கள். தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகி, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நின்றதைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த தட்டில் விடாமல் உடனே கேனில் அடைக்கச் சொன்னேன். இனிப்புச் சுவைக்காக நாயோ பூனையோ நக்கிவிட்டால் சிறுநீரகம் கெட்டு உயிரே போய்விடும். வீட்டுக்கு வந்தபின் எஞ்சியிருந்த காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்கியது. அதை நிரப்பிப் புதுக் கோடு போட்டேன். அதன்பின் இறங்கவில்லை.