எருசலேமில் எலூல் மாதத்து ஓய்வுநாள்

எருசலேமுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பழைய தேவாலய வளாகத்தில் மிஞ்சியிருக்கிற மேற்குச் சுவரில் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள், கல்லிடுக்கில் ஒரு சீட்டைச் செருகுவார்கள், அப்புறம் அடுத்த இடத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். முடிந்தால் யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை காலை ஒன்றை அங்கேயே கழியுங்கள். சுவரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், பழைய கல்வளைவுக்கு அடியில் ஒரு ஜெபக்கூடம் இருக்கிறது. அங்கே தோரா வாசிப்பைக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்கள். அவற்றை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் வாசித்து, வருஷத்துக்குள் முடித்துவிடுகிறார்கள் யூதர்கள். நான் போனது எலூல் மாதம். அவர்களுடைய புது வருஷமான ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின மாதம். வாரநாட்களில் காலை ஜெபம் முடிந்ததும் ஷோஃபார் என்கிற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறார்கள். கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வாரத்துப் பகுதி உபாகமம் 21 முதல் 25 வரை. எனக்கு எபிரெயம் தெரியாது. முந்தின இரவே தமிழ் வேதாகமத்தில் வாசித்து வைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் புத்தகத்தில் வசன எண்ணைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். தோல்சுருளில் கை படக் கூடாது என்பதால், விரல் வடிவ நுனி கொண்ட கோலை வரிமேல் நகர்த்திப் பாடுவதுபோல் வாசிக்கிறார்கள். சுருளில் உயிர்க்குறிகூடக் கிடையாது, எல்லாம் வாசிப்பவர் மனதில் இருக்க வேண்டும். உச்சரிப்புப் பிசகி அர்த்தம் மாறினால் அருகில் நிற்பவர்கள் உடனே திருத்துகிறார்கள்.

இவ்வளவு பயபக்தியோடு அவர்கள் வாசித்தது எதைப் பற்றித் தெரியுமா? புது வீடு கட்டினால் யாரும் தவறி விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை. வழிதப்பி வந்த மாட்டைக் கண்டால் கண்டும் காணாமல் போகாதே, உடையவனிடம் சேர்த்துவிடு. பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்திருக்காதே. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகும் முன் கொடுத்துவிடு.

கூலி வசனம் வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அப்பா கொத்தனார். எத்தனையோ வீடுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பியவர். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்காக ஒப்பந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பார். ‘திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்ற பதிலோடு வெறுங்கையாகத் திரும்பிய வாரங்கள் உண்டு. அந்த வாசலில் அப்பா நின்ற நிலையைக் கடவுள் பார்த்திருக்கிறார், அதற்கென்று ஒரு கட்டளையே எழுதி வைத்திருக்கிறார் என்பதை, அதுவும் ஒரு சனிக்கிழமையில், முழுதாக உணர்ந்தேன்.

வாசிப்பு முடிந்ததும் பெரியவரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் யோம் கிப்பூரைப் பற்றிப் பேசினார். பாவநிவிர்த்திக்காக நாள் முழுக்க உபவாசம் இருக்கிற பெரிய பண்டிகை அது. கடவுளுக்கு விரோதமாகச் செய்ததற்குத்தான் அந்த நாள் மன்னிப்புத் தருமாம். மனுஷனுக்குச் செய்த தீங்குக்கு, முதலில் அந்த மனுஷனிடம் போய்ச் சரிசெய்தாக வேண்டும். இந்தப் பகுதி வருஷாவருஷம் எலூலில்தான் வரும் என்றார். கூலி பாக்கி வைத்திருப்பவன் அன்றைக்கு அதைக் காதால் கேட்டுவிடுகிறான். கொண்டுபோய்க் கொடுக்க யோம் கிப்பூர் வரை அவனுக்குக் கிட்டத்தட்ட நான்கு வாரம் இருக்கிறது.