இடது கையின் வேலை

சலூனில் இன்று ஒரு பெரியவருக்குச் சவரம். கத்தி பிடித்த வலது கையைவிட, தோலை இழுத்துப் பிடித்த இடது கைக்குத்தான் அதிக வேலை.

சவரம் செய்பவர் கன்னத்துச் சுருக்கத்தைக் காதுப் பக்கம் மேலே இழுக்கிறார். கத்தி இரண்டு விரற்கடை இறங்கி நிற்கிறது. விரல் இடம் மாறுகிறது. மறுபடி.

தோல் தொளதொளவென்று இருந்தால் கத்தி மடிப்பில் ஏறிக் கீறிவிடும்.

தோலுக்கும் கத்திக்கும் இடையே சாய்வு சுமார் 30 டிகிரி. நிமிர்ந்தால் வெட்டும், ரொம்பப் படுத்தால் முடியைப் பிடுங்கும். அழுத்தவே கூடாது.

கத்தி முடியை இழுக்கிறதா? பலத்தைக் கூட்டாதீர்கள். தோல்வாரில் (கத்தி தீட்டும் தோல் பட்டையில்) 30 தடவை தீட்டுங்கள், கத்தியின் முதுகு முன்னே, கூர் பின்னே. மாற்றித் தள்ளினால் வாரும் கிழியும், கூரும் போகும்.

கழுத்தில் முடி பலருக்குப் பக்கவாட்டில் வளரும். நுரை போடும் முன்பே விரலால் தடவி, திசையைப் பார்த்துவிடுங்கள்.