கழன்று விழுந்த செருப்பு

ஜனவரி 9, 2024

அப்பா காலமாகிப் பத்து மாதங்கள் ஆகின்றன. அம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்து, இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் என்ற அளவில் நிற்கிறது. சொதி வைப்பதில் எங்கள் தெருவுக்கே பெயர் போனவள், நேற்று எலுமிச்சம்பழம் பிழிந்தோமா இல்லையா என்று அடுப்படியிலேயே திகைத்து நின்றாள். துக்கம், வயது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி 23

நெல்லையப்பர் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவின் இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. அது தெரியாமலே அவள் இருபது அடி நடந்து வந்திருந்தாள். நான் எடுத்துக் கொடுத்தபோது, “ஏட்டி, ரெண்டு மாசமா பஞ்சு மேல நடக்க மாதிரிதான் இருக்கு” என்றாள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதை அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 12.1 இருந்ததால் இரத்தத்தில் குறையில்லை என்று முடித்துவிட்டார்.

ஜனவரி 30

இன்று வேறொரு மருத்துவர் இசைக்கவையைத் தட்டி அம்மாவின் கணுக்கால் எலும்பில் வைத்தார். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அம்மா அவரைப் பார்த்து, “எப்பம் ஆரம்பிப்பிய?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் நாக்கை நீட்டச் சொன்னார். அது சிவந்து வழுவழுப்பாக இருந்தது. பிறகு என்ன சாப்பிடுகிறாள் என்று பொறுமையாகக் கேட்கத் தொடங்கினார். நாங்கள் சைவம். சளி பிடிக்கும் என்று தயிரையும், சர்க்கரைக்குப் பயந்து காபியையும், அதோடு பாலையும் அம்மா நிறுத்தி இரண்டு வருடங்கள் ஆகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பதினோரு வருடங்களாக எடுக்கிறாள்; அந்த மாத்திரை வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியது என்பதை இன்றுதான் அறிந்தேன்.

பிப்ரவரி 2

பி12 அளவு 118 பிகோகிராம். 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள்.

இரவு உட்கார்ந்து படித்தேன். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை பழுதுபடாமல் இருக்க இந்த வைட்டமின் வேண்டும். மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருள்களை மூளை உருவாக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு. அதனால்தான் பாதம் மரத்துப்போவதும், மறதியும், உற்சாகமின்மையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இரத்தசோகை இல்லாமலும் இது நேரும் என்று 1988-லேயே லிண்டன்பாம் என்ற மருத்துவரின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள்: பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்கு இரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் பெருத்திருக்கவும் இல்லை. அம்மாவின் 12.1-ஐ நினைத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற சைவர்களுக்கு இது முக்கியமாகப் பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கிறது. ஆனால் கல்லீரலில் உள்ள சேமிப்பு வருடக்கணக்கில் தாங்குவதால், பாலை நிறுத்திய மாதத்திலேயே எதுவும் தெரிவதில்லை.

பிப்ரவரி 11

ஒன்றுவிட்ட ஒருநாள் ஆயிரம் மைக்ரோகிராம் ஊசி போடுகிறோம். மெட்ஃபார்மினை நாமாக நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

செய்தி கேட்டு வந்த சித்தி பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்றாள். பெரியம்மா சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையை வாங்கியே வந்துவிட்டாள். பழைய சோறு வயிற்றுக்கு நல்லதுதான், ஆனால் இந்தக் குறையைத் தீர்க்க அதை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12. சொதியில் தேங்காய்ப்பால் இருக்கிறதே என்று அம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெயரில் மட்டுமே அது பால். மாட்டுப்பால் ஒரு தம்ளரில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும், நாளொன்றுக்குத் தேவை இரண்டுக்குச் சற்று மேல்.

மார்ச் 6

மூன்று நாள்களாக இரவில் தூங்குகிறாள். காலையில் என்னை அழைத்து, பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று கால் மணி நேரம் குறைபட்டுக்கொண்டாள். நான் குறுக்கே பேசவில்லை.

மார்ச் 19

அப்பாவின் முதல் வருடத் திதி. அம்மா நெடுநேரம் அழுதாள். போன மாதம்வரை அந்த அழுகைகூட வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் மருத்துவர் எழுதிய மனச்சோர்வு மாத்திரையையும் தொடர்கிறோம். அது தேவையா இல்லையா என்பதை ஊசி முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறார் இப்போதைய மருத்துவர். பாதத்தின் மரப்பு சற்றுதான் குறைந்திருக்கிறது, முழுதாகத் திரும்பும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. குதிகாலில் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிவந்தேன். கிழவிகள் போடுவது என்று சொல்லி அம்மா அதை இன்னும் தொடவில்லை.